உப்புப் பூத்த தொட்டிகள்

கணவன் மூச்சடைத்துச் செத்த இடத்திலிருந்து வரும் தண்ணீரை வைத்து ஒருத்தி பிழைக்கலாமா? தெருவில் எல்லோரிடமும் இதற்குப் பதில் இருந்தது.

அவர் சாக்கடைநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மோட்டார் ஓட்டியவர். அடைப்பு எடுக்கக் குழியில் இறங்கினார், விஷவாயு. வீட்டை ஒட்டியிருந்த செடி நர்சரியைப் பார்த்துக்கொண்டது அவள்தான். ஆழ்துளைக் கிணறு வறண்டு, பச்சை வலைக்கூரையின் கீழே நாற்றுகள் தலை தொங்கிக் கிடந்த கோடை அது. அடக்கம் முடிந்த மறுவாரமே நிலையத்தின் ஒப்பந்தக்காரர் வந்தார். வழக்கு கிழக்கு என்று போகாதீர்கள், சுத்திகரித்த தண்ணீரைக் குழாய் போட்டு இலவசமாகத் தருகிறோம் என்றார். அவள் சரி என்றாள்.

நாத்தனார் வாசலோடு நின்றுகொண்டாள்.

"எங்கண்ணன் செத்த தண்ணியில செடி வளத்து விக்கப் போறீங்களா?"

"செடி கேக்குது. நான் என்ன பண்ண?"

"செடிக்கு வாய் இல்ல அண்ணி. உங்களுக்கு மனசு இல்ல."

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது.

நாற்றுகள் பிழைத்தன. ஆனால் அந்தத் தண்ணீரில் உப்பு. தரையில் நட்ட செடியென்றால் மண் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். தொட்டிச் செடியின் வேர் எங்கே ஓடும்? விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பூத்தது. அரளி அசரவில்லை. ரோஜா இலைகள் ஓரம் கருகின. மழைநீரைச் சேர்த்துவைத்து, ரோஜாத் தொட்டிகளை மட்டும் அடிவழியாக வடியும்வரை அலசுவாள். அப்படியும் பாதி போகும்.

"நல்ல தண்ணி மட்டும் வரட்டும், ஒரு ரோஜாவ சாக விடமாட்டேன்" என்பாள், கூட வேலை செய்தவளிடம்.

"வரும்க்கா. பல்லு போனப்புறம் பட்டாணி வர்ற மாதிரி."

அவள் பொறுமையைச் சிலர் தியாகம் என்றார்கள். வேறு வழி இல்லாதவர்கள் பொறுத்துப்போவதற்கு அது பெரிய சொல்.

பல வருடம் கழித்து நல்ல தண்ணீர்க் குழாய் தெருவுக்கு வந்தது. நாத்தனாரும் வந்தாள், உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"இனியாவது அந்தக் குழாயப் பிடுங்கிப் போடுங்க அண்ணி."

அவள் எழுந்து, வாசலில் காத்திருந்த பிளம்பரிடம் போனாள்.

"வீட்டுக்கு மட்டும் கனெக்‌ஷன் குடுப்பா."

"நர்சரிக்கு வேணாமாம்மா?"

"வேணாம். அதுக்கு அவரு தண்ணி இருக்கு."

நாத்தனார் எழுந்து போனாள். அவள் கூப்பிடவில்லை. சாயங்காலம் ரோஜாத் தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். செடிகளை வேரோடு மூலையில் குவித்தாள். விளிம்பில் பூத்திருந்த உப்பைத் தேய்த்துக் கழுவி, புது மண் நிரப்பி, எல்லாவற்றிலும் அரளிக் குச்சி நட்டாள். பிறகு பழைய குழாயைத் திறந்துவிட்டாள்.