காட்டுமாடு வந்த அன்று சிரித்தவர்கள்

"ஐப்பசி, ஞாயிறு. காலையில் பனிமூட்டம். பிற்பகல் விட்டுவிட்டு மழை. மாலை வாசலில் ஒற்றைக் காட்டுமாடு. விருந்தினர் சிரித்தனர்."

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. கடைசி இரண்டு சொற்களுக்கு விளக்கம் எழுத இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

மலையூரான நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டு மாடியறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அன்று சென்னையிலிருந்து நான்கு இளைஞர்கள் தங்கியிருந்தார்கள். கடைத்தெருவுக்குக் கிளம்பியவர்களை என் மனைவி படியிலேயே மறித்தாள்.

"தம்பிகளா, இப்பப் போகாதீங்க. காட்டுமாடு வாசக்கதவுகிட்ட நிக்குது. ஒத்தையா வர்றது கோவக்கார மாடு, முட்டித் தூக்கிரும். அது போற வரைக்கும் உள்ளயே கெடங்க."

"டேய், அப்படியே அவர் மாதிரியே இருக்குடா!" என்றான் ஒருவன். இன்னொருவன் கைபேசியை எடுத்தான். "ஆன்ட்டி, இன்னொரு தடவ சொல்லுங்க, ப்ளீஸ்."

அவர் என்றது, எங்கள் பக்கத்துப் பேச்சை அப்படியே திரைக்குக் கொண்டுபோன நகைச்சுவை நடிகரை. என் மனைவி பழனியில் பிறந்தவள். அவருடைய படம் ஓடினால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள். "நம்ம பேச்ச நாலு பேரு கேக்க வச்சாரே மனுசன்" என்பாள். உண்மைதான், கேட்க வைத்தார். கேட்டதும் சிரிக்கிற பழக்கமும் கூடவே வந்துவிட்டது. திரையில் அந்தப் பேச்சில் பயந்தவரும் அழுதவரும் அவர்தான். அந்தப் பயமும் அழுகையும் நாம் சிரிப்பதற்காக வந்தவை. அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் தன் வேலையைச் செய்தார்.

சொன்னது காதில் விழவில்லை போலும் என்று நினைத்து அவள் இன்னும் உரக்கச் சொன்னாள். சிரிப்பு கூடியது. ஒருவன் மாட்டோடு படம் எடுத்துக்கொள்ள வாசலில் இறங்கிவிட்டான்.

"ஏலே, வேணாம்டா! திரும்பி வாடா இங்கிட்டு!" என்று அவள் அலறினாள். மற்ற மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாடு தலையைத் தாழ்த்திச் சீறியது.

சத்தம் கேட்டு நான் வெளியே வந்தேன். "தம்பி, அது தாக்கும். மெதுவாகப் பின்னால் வாருங்கள்" என்றேன். புத்தகங்களோடே காலம் போய்விட்டதால் அவசரத்திலும் எனக்கு அப்படித்தான் வருகிறது. சிரிப்பு நின்றது. அவன் திரும்பி வந்தான். மாடு பூந்தொட்டிகளை இடித்துத் தள்ளிவிட்டுப் போயிற்று.

அடுப்படியில் அவள் கேட்டாள்: "நான் சொன்னதத்தான நீங்களும் சொன்னீங்க?"

"ஆமா."

"அப்பறம் என்ன?"

சாய்ந்த பூந்தொட்டிகளை நிமிர்த்தி வைக்க வாசலுக்குப் போனேன்.

அதன்பின் விருந்தினரிடம் அவள் எழுத்துத் தமிழில்தான் பேசுகிறாள். "வெந்நீர் தயாராக உள்ளது." "சாவியை இங்கே வைத்துச் செல்லுங்கள்." முன்பெல்லாம் ஊர், பிள்ளைகள், வழியில் சாப்பிட்ட சாப்பாடு என்று ஒவ்வொன்றாய் விசாரிப்பாள். அதற்கு இந்தத் தமிழ் அவளுக்குப் போதவில்லை. அந்த நடிகர் தொலைக்காட்சியில் வந்தால் எழுந்து போய்விடுகிறாள்.

போன வாரம் மறுபடியும் காட்டுமாடு வந்தது. மாடியில் ஒரு குடும்பம். "வெளியே செல்ல வேண்டாம். காட்டுமாடு நிற்கிறது" என்றாள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் இறங்கவில்லை. பிறகு அடுப்படி ஜன்னலைச் சாத்தும்போது மாட்டைப் பார்த்து மெல்லச் சொன்னாள்: "ஏலே, ஒனக்கு வேற சோலியே இல்லையா? வெரசாப் போ."

நெடுநாள் கழித்து அந்தக் குரலைக் கேட்டேன்.

பெருமாள்மலையில் கடை வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவர், அவள் பேசுகிற காணொளி ஒன்றை யாரோ அனுப்பிப் பார்த்ததாகச் சொன்னார். தேடினார், அவர் கைபேசியில் இல்லை. வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன்.

"நான் பயந்து கத்துனதும் அதுல இருக்காமா?" என்று மட்டும் கேட்டாள்.

அவரிடம் திரும்பவும் விசாரித்தேன்; அவருக்கு நினைவில்லை. நானும் தேடிப் பார்த்தேன். அப்படியொரு காணொளி இருக்கிறதா, இருந்தால் அதில் அந்த அலறல் இருக்கிறதா என்பது இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.