கழிவுநீர்த் தொட்டியருகே அத்தர்

சிங்கப்பூர்க் கடலோரத்தில் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்துக்கு வந்திருக்கிறேன். நாற்றத்துக்குப் பயந்து, தேக்கா சந்தையில் வாங்கிய அத்தரைக் கழுத்திலும் கைக்குட்டையிலும் தாராளமாகத் தடவியிருக்கிறேன். வழியில் மலக்கழிவு ஏற்றிய லாரி ஒன்று கடந்தபோது அது உதவியது.

தொட்டிகளைக் கவனிக்கும் சவரிமுத்து, நான் நெருங்கியதும் கையை நீட்டித் தடுக்கிறார்.

"சென்ட் போட்டிருக்கீங்களா? அங்கயே நில்லுங்க லா. எனக்கு மூக்குதான் மீட்டர்."

நகரத்தின் அழுக்குத் தண்ணீர் அவர் முன்னால் காற்றுக் குமிழிகளோடு பழுப்பாகப் பொங்குகிறது. அழுக்கைத் தின்னும் கிருமிகளுக்குக் காற்று வேண்டும். காற்று குறைந்தால் அவை செத்துவிடும். அழுக்கு அப்படியே கடலுக்குப் போகும். அவர் ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து முகர்கிறார். நான்காவதில் நின்று மறுபடி முகர்கிறார். சட்டென்று ஓடி வால்வைத் திருகுகிறார். குமிழிகள் பெருகுகின்றன.

"அழுகின முட்டை வாடை லேசா வந்துச்சு சார். லேப்ல சொல்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும்."

நான் குழாயடிக்குப் போய்க் கழுத்தையும் கைக்குட்டையையும் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். திரும்பி வந்ததும் முதல் தொட்டியருகே எனக்கு இடம் விடுகிறார்.

"இப்ப மோந்து பாருங்க."

குனிகிறேன். ஈரமண் வாசனை. இவ்வளவு நேரமும் இந்தத் தொட்டியருகே நாறிக்கொண்டிருந்தவன் நான்தான்.