நாலு இடம், ஐந்து மூத்தவர்கள்

ஓரெஸ்ட் புரோகோப்சுக் யாரையும் எளிதில் நம்புகிற ஆள் இல்லை. வில்லோபேங்க் பேட்ஜர்ஸ் ஐஸ் ஹாக்கி அணியில் இருபத்தேழு வருடமாக ஆட்டக்காரர்களின் சாமான்களுக்கு அவர்தான் பொறுப்பு. பனியில் சறுக்கும் ஸ்கேட் காலணியின் பிளேடுக்குச் சாணை பிடிப்பது, கிழிந்த கையுறையைத் தைப்பது, வியர்வை நாறும் சட்டைகளைத் துவைத்து மாட்டுவது எல்லாம் அவர் வேலை. டேப் சுருள் ஒன்று குறைந்தாலும் அன்று மத்தியானம் வரை யாருக்கும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். "நான் சமைச்சதையே மோந்து பாத்துட்டுத்தானே வாயில வெக்கிற ஆளு நீ" என்பாள் மனைவி ஹலீனா. அவர் அதை மறுத்ததில்லை.

செப்டம்பர் வந்தால் இந்தப் புத்திக்கு நல்ல தீனி. ஊருக்குப் போன ஆட்டக்காரர்கள் திரும்பி வருவார்கள். கோடை முழுக்க உடம்பை வருத்திப் பயிற்சி செய்ததாகத்தான் ஒவ்வொருவனும் சொல்வான். சொல்லிவிட்டுப் போகட்டும், ஓரெஸ்ட் விசாரிப்பது சாமான்களை. தொப்பை போட்டிருக்கிறானா என்று கால்சட்டையின் இடுப்பு நாடாவை இழுத்துப் பார்ப்பார். ஒரு வருடம் ஒருவன் அரை அளவு பெரிய ஸ்கேட் கேட்டான். அவன் சாஃப்ட்பால் ஆடப் போய்க் கால்விரலை உடைத்துக்கொண்டதை, பயிற்சியாளருக்குத் தெரியும் முன்பே இவர் கண்டுபிடித்துவிட்டார். தன் கணிப்பு இதுவரை ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கேட்பவர்களும் தலையாட்டுவார்கள்.

இந்த வருடம் சிக்கல் வேறு விதமாக வந்தது. பல வருடம் ஆடித் தேய்ந்த மூத்தவர்கள் நாலு பேருக்கு மேல் ஓர் அணியில் இருக்கக் கூடாது என்பது அவர்கள் ஆடும் போட்டித்தொடரின் விதி. பேட்ஜர்ஸிடம் ஐந்து பேர் இருந்தார்கள். ஒருவனைக் கழிக்க வேண்டும். யாரை என்று அரங்கம் முழுக்கக் கிசுகிசுத்தது. கேப்டன் கார்னெட் லவாலியை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. முப்பத்து நாலு வயது, இந்த ஊரில் பதினோரு வருடம். மனைவிக்கு இங்கேதான் வேலை, பிள்ளைகள் இரண்டுக்கும் இங்கேதான் பள்ளிக்கூடம். கோடைக்கு மட்டும் சொந்த ஊருக்குப் போய்வருவான். அவன் இல்லாத அணியை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

ஓரெஸ்ட் நினைத்தார். செவ்வாய்க்கிழமை கார்னெட் கொண்டுவந்து போட்ட பையைத் திறந்து ஸ்கேட்டை எடுத்தவர், பிளேடின் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். ஏப்ரலில் அவர் தீட்டிக் கொடுத்த முனை மழுங்காமல் அப்படியே இருந்தது. அளந்து பார்த்தார். மயிரிழைகூடத் தேயவில்லை. வாரம் மூன்று நாள் ஐஸில் இறங்கியதாகத் தொலைபேசியில் சொன்னானே! அப்படியென்றால் பொய். எதை மறைக்கிறான்?

அதிலிருந்து கார்னெட் எது செய்தாலும் உறுத்தியது. அன்றே மாடிப்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். நாற்காலியில் உட்கார்ந்ததும் இடது காலை நீட்டிக்கொண்டான். முழங்கால் போய்விட்டது என்று ஓரெஸ்ட் முடிவுகட்டினார். அவனையே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுவானா என்று விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை புது மேலாளர் ஷெல்டன் கிரீவ் அவரை மேலே கூப்பிட்டார். ஷெல்டன் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஆட்டக்காரர்களை அவருக்கு லேப்டாப்பில் இருக்கும் எண்களாகத்தான் தெரியும்.

"அஞ்சு பேரோட கணக்கும் ஒண்ணு போலத்தான் இருக்கு. யாரு கோடையில சும்மா கெடந்தாங்கன்னு நீங்க பாத்தே சொல்லிடுவீங்களாமே?"

"டாக்டர் பாக்கட்டுமே சார்."

"டாக்டர் திங்கக்கிழமைதான் வர்றாரு. பட்டியல் நாளைக்கே போட்டி நடத்துறவங்களுக்குப் போயாகணும்."

ஓரெஸ்ட் தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார். அவருக்குத் தயக்கம் இருந்தது. ஆனால் இத்தனை பெரிய விஷயத்துக்குத் தன்னிடம் வந்து கேட்கிறார்களே என்று உள்ளுக்குள் குளிர்ந்தும் போனது.

"கார்னெட்டோட பிளேடு தேயவே இல்ல. அவன் ஐஸ்ல காலே வெக்கல."

"முழங்காலா?"

"படியில கம்பியப் புடிச்சுட்டுத்தான் இறங்குறான். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

வெள்ளிக்கிழமை மாலை பட்டியல் ஒட்டப்பட்டது. மூத்தவர்கள் நாலு பேர் இருந்தார்கள். லவாலி இல்லை.

சனிக்கிழமை காலை கார்னெட் சாமான் அறைக்கு வந்தான். ஓரெஸ்டுக்கும் சேர்த்துக் காபி வாங்கி வந்திருந்தான்.

"பெருசு, என்னைக் கழட்டி விட்டுட்டாங்க. நான் ஐஸ்லயே இறங்கலன்னு எவனோ ஊதி விட்டிருக்கான். முழங்கால் வேற போயிடுச்சாம்! வாரத்துக்கு மூணு நாள், விடியக்காலைல, எங்க ஊர்ல நாய் மாதிரி ஓடியிருக்கேன்."

"எந்த ஸ்கேட்ல?" என்று கேட்டார் ஓரெஸ்ட்.

"பழைய ஜோடில. இந்தப் பையில இருக்குற ஜோடியைப் பொத்திப் பொத்தி வெச்சிருந்தேன். எங்க ஊர்ல சாணை பிடிக்கிறவன் ஒரு பக்கமா சாய்ச்சுத் தீட்டுவான்யா. நீ தீட்டினத அவன்கிட்ட குடுப்பேனா?"

செவ்வாய்க்கிழமை அந்தப் படிகளைக் கழுவிவிட்டதே தான்தான் என்பது ஓரெஸ்டுக்கு இப்போதுதான் உறைத்தது. ஈரப்படியில் கம்பியைப் பிடிக்காமல் யார் இறங்குவார்கள்?

கார்னெட் பையிலிருந்து ஸ்கேட் ஜோடியை எடுத்து மேசைமேல் வைத்தான். "ரொம்பத் தொலைவுல, ஆல்பர்ட்டாவுல ஒரு டீம் கூப்பிட்டிருக்கு. எடுப்பாங்களா தெரியல, சும்மா பாக்குறோம்னு சொல்லிருக்காங்க. முனை இருந்தாலும் கடைசியா ஒரு தடவ உன் கையால தீட்டிக் குடு. அப்புறம் நேரா ட்ரெவர் வீட்டுக்குத்தான் போறேன்."

"ட்ரெவர் வீட்டுக்கு எதுக்கு?"

"அஞ்சு பேர்ல அவன்தானே ஆட்டம் கண்டுட்டு இருந்தான்? என்னைப் போட்டுக் குடுத்தது அவனாத்தான் இருக்கும். மூஞ்சிக்கு நேரா கேக்கணும்."

ஓரெஸ்ட் சாணையை ஓடவிட்டு ஸ்கேட்டைக் கையில் எடுத்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி ட்ரெவரோடு போய்விடும். அவர் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. சாணையை நிறுத்தினார்.

"ட்ரெவர் இல்ல கார்னெட். நான்தான். பிளேடு தேயலன்னு நான்தான் சொன்னேன்."

கார்னெட் சிரிக்கப் பார்த்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கணும். இப்பவே மேல போய் ஷெல்டன்கிட்ட சொல்றேன்."

"பட்டியல் போயாச்சு பெருசு."

அவன் கை நீட்டினான். ஓரெஸ்ட் ஸ்கேட்டை விடவில்லை. "அஞ்சு நிமிஷம் இரு. தீட்டித் தர்றேன்."

கார்னெட் அதை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கி, இரண்டின் கயிற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"வேணாம். அங்க எவனாவது தீட்டுவான்."