உள்பக்கத் தாழ்ப்பாள்

நாத்தனார் வாயிலிருந்து அண்ணிக்கு நல்ல வார்த்தை வருவது அதிசயம்தான். சமையலறையில் எங்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் கோட்டைக்குள் காலை வைத்துவிட்டால் அண்ணியை மிஞ்ச ஆளில்லை. நான் அங்கே டிக்கெட் கிழிக்கிறேன், அவர் வழிகாட்டி.

அறுநூறு வருஷக் கோட்டை. பாதிச் சுவரும் ஒரு கோபுரமும்தான் மிச்சம். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது கோபுரத்தடிச் சிறையைத்தான். பதினொரு வருஷமாக அண்ணியும் அங்கே கைதிகள் பட்டினியில் செத்த கதையைச் சொல்லிக் கூட்டத்தை அழவைத்தார்.

போன மழைக்காலத்தில் அந்த அறைக்குள் ஒதுங்கியபோது அவர் கை சுவரில் ஒரு குழிக்குள் போனது. வாசலின் இரு பக்கமும் சதுரக் குழிகள், கதவுக்குக் குறுக்கே கட்டை செருகுவதற்கு. இரண்டும் உள்பக்கம். வெளியே ஒன்றுமில்லை.

"கைதி கையிலயா தாழ்ப்பாளைக் கொடுப்பாங்க?" என்று நனைந்த தலையோடு என்னிடம் ஓடிவந்தார். அன்றோடு சிறைக்கதைக்கு முழுக்குப் போட்டுவிட்டார்.

கூட்டத்துக்கு ஏமாற்றம், புகார் போயிற்று. "போர்டுல சிறைன்னுதான் இருக்கு. அதைச் சொல்லுங்க, இல்லன்னா வேற ஆள் பார்த்துக்கறோம்," என்றார் மேலாளர். அண்ணன் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த நேரம். வீடு ஓடியது அண்ணி சம்பளத்தில்.

"பழைய கதையையே சொல்லிட்டுப் போங்களேன் அண்ணி, யாருக்கு என்ன நஷ்டம்?" என்றேன்.

"தெரியாம சொன்னது வேற. தெரிஞ்சப்புறம் வாய் வரமாட்டேங்குதுடி."

மறுநாள் கூட்டத்தோடு கூட்டமாக மேலாளரும் வந்து நின்றார். நான் கவுண்டரைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனேன்.

கோபுரத்தடியில் அண்ணி ஒரு நீளக் கழியை எடுத்து மேலாளர் கையிலேயே கொடுத்தார். "உள்ளே போய் இதை அந்தக் குழியில மாட்டுங்க சார்."

மாட்டினார். கழி கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் உள்ளே, நாங்கள் வெளியே.

"இப்ப சொல்லுங்க சார், நாங்க உங்களை அடைச்சு வச்சிருக்கோமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அப்போ இதுக்குள்ள யாருதான் இருந்தாங்க?" என்றார்.

"யாருக்காவது பயந்து ஒளிஞ்சவங்களா இருக்கலாம். நிச்சயமா எனக்குத் தெரியாது சார்."

பதினொரு வருஷத்தில் 'தெரியாது' என்ற வார்த்தையை அண்ணி கூட்டத்துக்கு முன்னால் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. ஒருவரும் நகரவில்லை, குழிகளைத் தொட்டுப் பார்க்க வரிசை கட்டினார்கள்.

மேலாளர் கழியை உருவிக்கொண்டு வெளியே வந்தார். "தெரியாதுங்கறதையும் சேர்த்தே சொல்லுங்க," என்றார்.

வேலை தப்பியதே என்று நான் மூச்சு விடுவதற்குள், "அப்போ அந்தப் போர்டை எப்ப சார் கழட்டுறீங்க?" என்றார் அண்ணி.