பிலோமினா போன யப்பான்

பிலோமினா இறந்த செய்தி வந்தபோது நான் என் இத்தாலிய எசமானி சிஞ்ஞோராவின் வீட்டில் திரைச்சீலைகளை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். அவளுடைய மகள்தான் அழைத்தாள். "அன்ரி, மம்மா போயிட்டா," என்றாள். முன்னறைக்குப் போய் சிஞ்ஞோராவிடம் சொன்னேன். எண்பத்திரண்டு வயதுப் பெண்மணி, கைத்தடியை விழவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். "என்னோடு யப்பானுக்கு வந்தவள்," என்றார்.

அந்த நேரத்திலும் எனக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளுடைய நினைவு மலருக்கு எழுதித் தரும்படி ஆலயத்தில் கேட்டபோது, நடந்ததைத்தான் எழுதுவேன் என்று சொல்லியே ஒப்புக்கொண்டேன். 'அவர்' என்று எழுதினால் மரியாதையாக இருக்கும் என்றார்கள். இருபது வருடம் நீ, நான் என்று கதைத்தவளை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.

உங்களில் பலருக்கு அவளை ஆலயத்தில்தான் தெரியும். பாட்டுக்குழுவுக்கு அரை வரி முன்னாலே போய்விடும் அந்தக் குரலை மறக்க முடியாது. சுவாமி ஒருநாள் கண்டித்தபோது, "நான் நிண்டு பாத்தனான் ஃபாதர், ஒருத்தரும் வரேல்லை," என்று பதில் சொன்னவள். ஊரில் பேசாலையில் பிறந்து, இங்கே நகரத்துக்கு வெளியே பகேரியாவில் குடியிருந்து, தினமும் ரயிலில் மத்திய நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் இறங்கி வேலைக்கு வருவாள். சிஞ்ஞோராவின் வீட்டுக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நான். ஒன்பது வருடமாக அங்கே நான் தனியே வேலை செய்துகொண்டிருந்தேன். சிஞ்ஞோராவின் முழங்கால்கள் இயலாமல் போனதும் இன்னொருத்தி தேவைப்பட்டது. அப்போது எனக்கு நினைவு வந்த முதல் பெயர் பிலோமினா. பிறகு பல நாட்கள் என்னை நானே திட்டிக்கொண்டதும் அதற்காகத்தான்.

அவள் வந்து இரண்டாம் வருடம், டோக்கியோவில் வேலை செய்யும் சிஞ்ஞோராவின் மகனுக்கு அங்கேயே கல்யாணம் நிச்சயமானது. தாயால் தனியே பயணம் செய்ய முடியாது. துணைக்கு ஒருத்தி போகவேண்டும். நகரத்தின் நடுவே உள்ள ஆடம்பர ஹோட்டலில் பத்து நாள் தங்கல், துணைக்கு வருபவளுக்கும் தனி அறை. போவது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஊரில் இருக்கும் தங்கைக்கும் சொல்லிவிட்டேன். ஆனால் என்னுடைய பெர்மெசோ, இங்கே வசிப்பதற்கான அனுமதி அட்டை, புதுப்பிப்பதற்காகப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் கிடந்தது. கையில் இருந்தது ரசீது மட்டும். அந்தத் துண்டை வைத்துக்கொண்டு யப்பானுக்கு விசா எடுக்க முடியாது என்று சிஞ்ஞோராவின் வக்கீல் சொல்லிவிட்டார். பிலோமினாவின் அட்டை ஒழுங்காக இருந்தது.

நாங்கள் இருவரும் சமையலறையில் கண்ணாடிக் குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சிஞ்ஞோரா வந்து முடிவைச் சொல்லிவிட்டுப் போனார்.

"நீ வேண்டாமெண்டா நான் போகேல்லை," என்றாள் பிலோமினா.

"போ."

"என்ர முகத்தைப் பாத்துச் சொல்லு."

"போ எண்டு சொல்லிட்டன் தானே."

முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

அந்தப் பத்து நாளும் நான் வெறும் வீட்டைத் துடைத்து, பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். நான் குடியிருக்கும் சீசாவுக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த ஹோட்டலின் இணையப் பக்கத்தைத் தொலைபேசியில் திறந்து வைத்துக்கொள்வேன். எந்த மாடியில் நீச்சல் குளம், காலைச் சாப்பாட்டில் என்னென்ன, அறையின் யன்னல் எந்தப் பக்கம் பார்க்கும் எல்லாம் எனக்குத் தெரியும். ஹோட்டலின் வெள்ளைக் குளியல் அங்கியோடு அவள் ஒரு படம் அனுப்பினாள். பார்த்ததற்கான அடையாளம் அவளுக்குப் போகட்டும் என்று திறந்தேன். பதில் போடவில்லை.

திரும்பி வந்த ஞாயிறு, பூசை முடிந்து மண்டபத்தில் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் சொன்ன கதை உங்களுக்கும் நினைவிருக்கும். முதல் நாள் விடிய எழும்பித் தன் கட்டிலைத் தானே விரித்து, குளியலறையையும் தேய்த்துக் கழுவி விட்டிருக்கிறாள். இரண்டாம் நாளும் அப்படியே. மதியம் ஹோட்டல் மேலாளர் அறை துப்புரவாக்கும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்து குனிந்து வணங்கி, தங்கள் வேலையில் என்ன குறை என்று கேட்டாராம். அந்தப் பெண் அழும் நிலையில் நின்றாளாம்.

"மூண்டாம் நாள் பல்லைக் கடிச்சுக்கொண்டு கட்டிலை அப்படியே குழப்பி விட்டிட்டு வெளியில போனன். திரும்பி வந்து பாத்தா, ஒரு சுருக்கம் இல்லாமல் விரிச்சுக் கிடக்கு. அதில இருக்க மனம் வரேல்லை. நிலத்தில இருந்து அழுதன்," என்றாள்.

சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நான் அவளுக்குக் கேட்கும்படியாகவே பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன்: "பை தூக்கப் போனவளுக்கு இவ்வளவு கதையோ?"

அவள் கதையை நிறுத்தினாள்.

அடுத்த புதன்கிழமை பின்னேரம் சீசாவில் என் வீட்டு மணி அடித்தது. பிலோமினா. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கதிரையில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றிக் காலை நீட்டினாள்.

"நீ சொன்னது சரி. பை தூக்கத்தான் போனனான்," என்றாள். "கலியாணச் சாப்பாட்டுக்கு எனக்குக் கதிரை இல்லை. சிஞ்ஞோராவை மேசையில இருத்திட்டு வெளியில வந்திட்டன். ரெண்டு மணித்தியாலம் ஹோட்டல் வாசல் கூடத்தில குந்திக்கொண்டு இருந்தன். அங்கை வேலை செய்யிற ஒரு பெட்டை பாத்திட்டு, கேக்காமலே தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சவள். இதை நான் கோயிலில சொல்லேல்லை. உன்னட்டை மட்டும் சொல்ல வந்தனான்."

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உள்ளே போய்க் கோப்பி போட்டேன். கோப்பி கொதிக்கும்போது என் மனதில் ஓடியது இதுதான்: அந்தத் தேநீர் எந்த மாதிரிக் கோப்பையில் வந்திருக்கும்? கதிரை கிடைக்காமல் இருந்தவள் மேலும் எனக்குப் பொறாமை. நானாக இருந்தால் அந்தக் கூடத்தில் இரண்டு மணித்தியாலம் சந்தோசமாக இருந்திருப்பேன்.

அதன்பிறகும் நாங்கள் ஒன்றாகத்தான் வேலை செய்தோம். ஒன்றாகச் சிரித்தோம். யப்பானைப் பற்றி மட்டும் இருவரும் கதைக்கவில்லை. என் பெர்மெசோ வந்து சேர்ந்தது. சிஞ்ஞோராவால் பிறகு மாடிப்படி இறங்கவும் முடியவில்லை. இனி ஒருவரும் என்னை அங்கே கூட்டிப்போகப் போவதில்லை.

சென்ற மாசி மாதம் பிலோமினாவின் வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். கடைசியாக நான் பகேரியா போனது ஒரு சனிக்கிழமை மத்தியானம். மிகவும் மெலிந்திருந்தாள். மகள் அடுத்த அறையில் சூப் செய்துகொண்டிருந்தாள்.

"ஒண்டு கேக்கிறன்," என்றாள். "யப்பானுக்கு நான் போனது உனக்கு இன்னும் எரிச்சலோ?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம்," என்றேன்.

"இன்னுமோ?"

"இன்னும்தான். போன கிழமையும் அந்த ஹோட்டலின்ர படத்தைப் பாத்தனான்."

அவள் சிரித்தாள். இருமல் வந்தது; நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தாள். "வாற எல்லாரும் நல்ல கதைதான் கதைக்கினம். என்ர முகம் பாக்காமல் திரிஞ்சவையும் கையைப் பிடிச்சு அழுகினம். அவையைப் பாத்தா, நான் செத்திட்டன் போலப் பயமா இருக்கு. நீ ஒருத்திதான் என்னோட பழையபடி இருக்கிறாய்."

அவள் இறந்தது அதற்கு அடுத்த கிழமை. அடக்கத்தன்று பலர் என்னைத் தேற்றும்போது, நாங்கள் இரண்டு பேரும் சகோதரிகள் மாதிரி இருந்தோம் என்றார்கள். அப்படி இருக்கவில்லை. அவளுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை என்று நான் கடைசி வரை எரிந்தேன். அவள் அதைத் தெரிந்துகொண்டே என் வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். இந்த நகரத்தில் என் கெட்ட குணத்தை முகத்துக்கு நேரே கேட்டு, பதிலைக் கேட்டுச் சிரித்தவள் அவள் ஒருத்திதான். எனக்கென்று அவளிடமிருந்து மிஞ்சியிருப்பது அந்தச் சனிக்கிழமை மத்தியானம், நான் பொய் சொல்லாமல் இருந்த அந்த ஒரு தடவை.

பிலோமினா, இன்றைக்கு நீ கேட்டாலும் என் பதில் மாறாது. ஓம், இன்னும்தான்.