இறக்கி வைத்த பறி

அந்தப் பறியின் விளிம்பில் பல் பதிந்த தடம் இருக்கும். பழவேற்காடு ஏரியில் கழுத்தளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள், ஓலையில் முடைந்த அந்தக் கூடையை வாயில் கடித்துக்கொண்டுதான் வேலை செய்வார்கள். எண்பதுகளின் கடைசியில் நான் மெட்ராஸிலிருந்து அங்கே ஒரு இறால் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனபோது, தினமும் அதைச் சுமந்து வரும் அக்கா ஒருத்தி பழக்கமானாள்.

கம்ப்யூட்டர் அடிக்கும் சீட்டு இல்லாமல் ஐஸ் அறைக்குள் ஒரு இறால்கூடப் போகாது. அந்தப் புரோகிராமை எழுதியவர் வேலையை விட்டுப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. ஒரு சீட்டு அடிக்கக்கூட மேலாளரின் பாஸ்வேர்டைப் போட்டால்தான் அது திறக்கும். ஏன் என்று கேட்க ஆளில்லை. மேலாளர் காலையில் திறந்துவிட்டுப் போவார். கரண்ட் போகாதவரை பிழைப்பு ஓடும்.

ஒருநாள் அவர் ஏரிக்குள் இருக்கும் பசியாவரம் தீவுக்குப் படகேறிய பின் கரண்ட் போய் வந்தது; கம்ப்யூட்டர் மறுபடி பாஸ்வேர்டு கேட்டது. அந்த நேரம் பார்த்து அக்கா வந்தாள். "இறக்கி வைங்கக்கா, அஞ்சே நிமிஷம்" என்றேன். மெட்ராஸ்காரியின் மரியாதை. அவள் தயங்கித்தான் இறக்கினாள்.

மேலாளரின் மகள் பெயர், ஸ்கூட்டர் எண், குலதெய்வம் என்று எல்லாம் அடித்துப் பார்த்தேன். உனக்கு அதிகாரமில்லை என்றே திரையில் திரும்பத் திரும்ப வந்தது. கையால் சீட்டு எழுதிக் கொண்டுபோனேன். "மிஷின் சீட்டு இல்லாங்காட்டி என் வேலை பூடும்மா" என்றார் ஐஸ் அறைக்காரர். ஒரு கை ஐஸாவது கேட்டேன். அதற்கும் சீட்டு வேண்டுமாம்.

"வேற வியாபாரிகிட்ட குடுத்துடுங்கக்கா."

"ஒரு வாசல்ல இறக்கின பறிய தூக்கினு இன்னொரு வாசலுக்குப் போறதில்ல பாப்பா. போனாலும் வாங்கமாட்டாங்க" என்றாள். "இன்னா சொல்லுது பொட்டி?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இறக்கச் சொன்னது நான்தான்.

மேலாளர் பிற்பகலில் வந்து ஒரே சொல்லில் திறந்தார். அதற்குள் இறாலின் தலையெல்லாம் கறுத்திருந்தது. அக்கா கரையில் கொட்டிவிட்டு, பறியைக் கழுவிக்கொண்டு போனாள். விடியும் முன்பிருந்து அவள் தண்ணீரில் நின்றது அத்தனையும் போயிற்று.

இன்று என் வீட்டுக் கம்ப்யூட்டரும் நிர்வாகியின் அனுமதி கேட்கிறது. நிர்வாகி நானேதான், ஒரு தட்டு தட்டினால் போதும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கை தயங்குகிறது, இறாலைக் கொட்டிய அந்த நாளுக்கு மறுநாள் காலை ஞாபகம் வருகிறது. அக்கா வந்தாள். கம்ப்யூட்டர் திறந்திருந்தது. "இறக்குங்கக்கா" என்றேன். அவள் பறியை இடுப்பிலேயே வைத்திருந்தாள்.

"சீட்டு வரட்டும் பாப்பா."

குரலில் கோபமில்லை. பல் தடம் பதிந்த விளிம்பு என் பக்கமாக இருந்தது. சீட்டு அடித்து முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.