இரண்டு கணக்கு, ஒரே விடை

"நீங்க அணு உலைக்கே தண்ணி விடுற ஆளாச்சே, நம்ம ஆறாம் மாடிக்கு மட்டும் ஏன் ஏற மாட்டேங்குது?"

கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியின் லிப்டுக்குள் அதே மாடிச் சிட்டாள் ஆச்சி இதைக் கேட்காத வாரம் றேணுகாவுக்கு வாய்த்ததில்லை. தான் தண்ணீர் விடுவதில்லை, வெறும் கணக்குத்தான் பார்ப்பது என்று முதல் வருடம் விளங்கப்படுத்தினாள். இரண்டாம் வருடம் சிரித்தாள். இப்போது லிப்டின் இலக்கங்களை முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வீட்டுக்குள் போனால் கணவன் யேசுரட்ணம், "இலங்கையில அணு உலையே இல்லை, உனக்கு மட்டும் எங்கயிருந்துதான் வேலை வருகுதோ" என்பான். பதினொரு வருடமாக அதே பகிடி.

வேலை வருவது வெள்ளவத்தைக்கு. காலி வீதியில் ஒரு சாறிக் கடைக்கு மேலே ஆதப்பனின் அலுவலகம். வடக்கே குளிர் நாடொன்றின் கொம்பனி ஒன்று அவருக்குக் கணக்குகளை அனுப்பும். யுரேனியம் அடைத்த நீளக் குழாய்கள் இருநூற்றுச் சொச்சம் ஒரு கட்டாக நாலு மீற்றர் உயரத்துக்கு நிற்கும். தண்ணீர் அடியிலிருந்து ஏறி, சூட்டை வாங்கிக்கொண்டு மேலே போகும். குழாய்கள் ஒன்றோடொன்று முட்டாமல் பிடித்திருக்க இடையில் சல்லடை போல எட்டு கிரிட்டுகள். ஒவ்வொரு கிரிட்டிலும் தண்ணீர் நெரிபட்டுக் கொஞ்சம் அழுத்தத்தை இழக்கும். மொத்தம் எவ்வளவு இழக்கிறது என்பதுதான் றேணுகாவின் கணக்கு. அது கூடிவிட்டால் தண்ணீர் அந்தக் கட்டையே இருக்கையிலிருந்து கிளப்பப் பார்க்கும். அமத்திப் பிடிக்கிற ஸ்பிரிங்குகள் போதாமல் போகும். விளையாட்டு இல்லை.

ஆகவே ஒரு சட்டம். ஒருவர் கணக்குச் செய்வார். இன்னொருவர் அவருடையதைப் பாராமல் தனியாகச் செய்வார். இரண்டு விடையும் ஏறக்குறைய ஒத்துவந்தால்தான் கையெழுத்து. 'செய்தவர்' என்ற கட்டத்தில் நிஸாம்; 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் றேணுகா. வீடு மாமியாரின் பெயரில், பிள்ளைகள் யேசுரட்ணத்தின் பெயரில். அவளுடைய பெயர் தனியாக நிற்பது அந்த ஒரு கட்டத்தில்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

செவ்வாய்க்கிழமை கொம்பனியிடமிருந்து பரிசோதனை முடிவு வந்தது. புது வகைக் கிரிட் போட்ட கட்டு. நிஸாமின் கணக்கில் அழுத்த இழப்பு 1.28 பார், றேணுகாவின் கணக்கிலும் 1.28 பார். அங்கே உண்மையாகத் தண்ணீர் விட்டு அளந்தபோது 1.50. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் காரணம் சொல்ல வேண்டும்.

"ரெண்டு பேரும் ஒரே நம்பர் சொல்றீங்க. அப்ப அவங்க டெஸ்ட்தானே பிழை? அப்படியே எழுதிடலாமா?" என்றார் ஆதப்பன்.

"அப்பிடி எழுதினால் எங்களைப் பாத்துச் சிரிப்பாங்கள், சேர்."

இரண்டு நாள் அவள் மண்டையை உடைத்துக்கொண்டாள். எங்கிருந்து தொடங்கினாலும் கணக்கு 1.284இல் வந்து நின்றது. வியாழன் காலையில்தான் நிஸாமின் விடையை உற்றுப் பார்த்தாள். அதுவும் 1.284. அவளுக்குச் சுருக்கென்றது. தனித்தனியாகக் கணக்குச் செய்கிற இரண்டு பேர் மூன்றாம் தசமம் வரை ஒருநாளும் ஒத்துவர மாட்டார்கள். தான் சாப்பிடப் போகும்போது லப்டொப்பைத் திறந்தபடி விட்டுப் போவது நினைவுக்கு வந்தது. விறுவிறென்று ஆதப்பனின் அறைக்குள் போனாள்.

"சேர், இவன் என்ர விடையைப் பாத்துக் கொப்பியடிச்சிருக்கிறான்."

நிஸாம் அங்கேதான் இருந்தான். மாளிகாவத்தையிலிருந்து வருகிறவன், வாய் ஓயாமல் கதைக்கிறவன். 

"ஒங்கட விடைய நான் பார்க்கல்ல, அக்கா. ஷீட்ட அனுப்புறன். தொறந்து பாருங்க." அவ்வளவுதான். எழும்பிப் போய்விட்டான்.

"நாளைக் கூட்டத்துல அவன் வேண்டாம். மாதம் முடிய வேற ஆள் பாத்துக்கலாம்" என்றார் ஆதப்பன், யோசிக்கக்கூடச் செய்யாமல்.

றேணுகா நாக்கைத் தீட்டிக்கொண்டுதான் கணினியில் அந்தக் கணக்கு ஷீட்டைத் திறந்தாள். பச்சை நிறத் தலைப்புகள், கண்ணைக் குத்துகிற மஞ்சள் வரிகள், எல்லாம் நிஸாமின் அலங்காரம். மேலேயிருந்து வரி வரியாக இறங்கினாள். புவியீர்ப்பு என்ற வரியில் 9.78 என்று இருந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

உலகமெல்லாம் 9.81 என்று எழுதும். மொறட்டுவையில் படிக்கிற காலத்தில், கொழும்பு பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் இங்கே 9.78தான் என்று ஒரு விரிவுரையாளரோடு வரிந்துகட்டிக்கொண்டு நின்றவள் அவள். வென்ற பிறகு அந்த வீம்பை விடவேயில்லை. உலை இருப்பது பனி கொட்டுகிற தேசத்தில். அதற்குக் கொழும்பின் ஈர்ப்பைப் போட இந்த உலகத்தில் அவளைத் தவிர ஒரு பைத்தியம் கிடையாது. விடையில் அது பெரிதாக ஒன்றும் செய்யாது என்பதால் இதுவரை எவர் கண்ணிலும் படவுமில்லை.

அப்புறம் எல்லாம் ஞாபகம் வந்தது. ஏழு வருடத்துக்கு முன், நிஸாமின் மனைவி ஷபீகா களுபோவில ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்றுக்குக் கிடந்தாள். அன்று முடிக்கவேண்டிய கணக்கு ஒன்று அவன் தலையில். "இந்தா என்ர ஷீட். இதில போட்டு முடிச்சிட்டு ஓடு. மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்று அனுப்பியவள் அவளேதான். அந்தப் 'பிறகு' வரவேயில்லை. அவன் அதற்கு நிறம் பூசி இன்றுவரை வைத்திருந்தான். ஆக, ஏழு வருடமாக இந்த அலுவலகத்தில் இரண்டு கணக்கு நடக்கவில்லை. ஒரே கணக்கை இரண்டு தரம் போட்டிருக்கிறார்கள்.

பிழையும் பத்து நிமிடத்தில் அகப்பட்டது. பழைய கிரிட்டுகளின் இழப்பு எண், தண்ணீர் திறந்த வெளியில் போகிற வேகத்துக்கு உரியது. புதுக் கிரிட்டின் எண்ணோ, கிரிட்டின் ஒடுங்கிய இடைவெளிக்குள் தண்ணீர் ஓடுகிற வேகத்துக்கு உரியது. கொம்பனி அனுப்பிய விவரக் கோவையில், நாற்பதாம் பக்கத்தின் அடிக்குறிப்பில் எழுதியே இருந்தது. அவளுடைய ஷீட்டில் அதைக் கேட்கிற வரியே இல்லை. எனவே இரண்டு பேரும் அந்தப் பக்கத்தைத் தேடவில்லை. ஒடுக்கத்தில் வேகம் கால்வாசி கூட. வேகத்தை வர்க்கித்தால் கிரிட்டுகளின் இழப்பு மட்டும் ஒன்றரை மடங்குக்கும் மேல்; குழாய்களில் உராய்ந்து போகிற மிச்ச இழப்பு மாறாது. எட்டுக் கிரிட்டுக்கும் திருத்திப் போட்டாள். 1.50 வந்தது. தன் தலையில் தானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

நிஸாம் படிக்கட்டில் பிளேன்டீயோடு இருந்தான்.

"ஷீட் என்ரதெண்டு சேருக்கு முன்னால ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா ஒங்கட கையெழுத்துக்கு என்ன மதிப்பு ஈக்கி, அக்கா? அன்டைக்கி ஷபீகா ஒப்பரேஷன் தியேட்டருக்குள்ள ஈக்கக்கொள்ள தந்தீங்க. அதக் காட்டிக்குடுக்கவா?"

"அதுக்காக உன்ர வேலையை விடப்போறியா, மடையா!"

கத்தியே விட்டாள். கீழே சாறிக் கடையில் யாரோ நிமிர்ந்து பார்த்தார்கள். கோபம் அவன்மேல் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. வெட்கத்தில் காது சுட்டது. அவனிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். "வா" என்று மட்டும் சொல்லி அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

ஆதப்பன் முழுவதையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"பிழையைத் திருத்தி அனுப்பிட்டாப் போதாதாம்மா? அந்த ஏழு வருஷத்தை ஏன் கிளறணும்?"

"பழைய கிரிட்டுக்குச் சரியான ஷீட்தான், சேர். ஆனால் ரெண்டாம் ஆள் ஒருத்தரும் பாக்கேல்லை. அதை அவங்களுக்குச் சொல்லத்தான் வேணும்."

"சொன்னா இனி உங்களைச் சரிபார்க்க விடமாட்டாங்க."

"தெரியும்."

அன்று பின்னேரம் திருத்திய கணக்கை அவளே எழுதினாள். ஏழு வருட வேலைகளின் பட்டியலையும் ஒன்றுவிடாமல் சேர்த்தாள். 'செய்தவர்' என்ற கட்டத்தில் நிஸாமின் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரையும் போட்டாள். 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்பினாள். அந்த வெறும் கட்டத்தைப் பார்க்க அழுகை வந்தது. கணினியை மூடிவிட்டு பஸ் ஏறினாள்.

லிப்டுக்குள் சிட்டாள் ஆச்சி காத்திருந்தார்.

"பம்ப்காரன் வந்து திருத்திட்டானாம். நீங்க ஒரு பார்வை பாத்துச் சரின்னு சொல்லிட்டாப் போதும், எங்களுக்கு வேற யாரும் வேண்டாம்."

றேணுகா முதல் தடவையாக இலக்கங்களை விட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாக்கிறன், ஆச்சி. ஆனால் வேற ஒராளையும் கூப்பிட்டுக் காட்டுங்கோ. நான் என்ன சொன்னனானெண்டு மட்டும் அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."